உயிரணு வளர்ச்சியையும் வேறுபாட்டையும் கட்டுப்படுத்தும் மரபணுக்களும் குறிகைப் பாதைகளும்

ஓர் உயிரணு எப்போது பிரிய வேண்டும், எப்போது பிரியாமல் நிற்க வேண்டும், எந்த வகை உயிரணுவாக முதிர வேண்டும், எப்போது மடிய வேண்டும் என்பவற்றை அதன் மரபணுக்களும் அவற்றை இயக்கும் குறிகைப் பாதைகளும் சேர்ந்து முடிவு செய்கின்றன. எண்ணிக்கையில் பெருகுவது வளர்ச்சி எனவும், குறிப்பிட்ட பணிக்கு உரிய வடிவத்தையும் புரதங்களையும் பெறுவது வேறுபாடு எனவும் அழைக்கப்படும். பாடநூல்கள் இவ்விரண்டையும் பெரும்பாலும் தனித்தனிப் பாடங்களாகவே சொல்கின்றன. உடலில் இவை ஒன்றையொன்று விட்டுப் பிரிவதில்லை. பொதுவாக ஓர் உயிரணு முதிர முதிர, பிரியும் ஆற்றலை இழக்கிறது. இந்த ஏற்பாடு கெடும்போது தோன்றும் நோய்களுள் முதன்மையானது புற்றுநோய்.

இந்த ஏற்பாட்டை விளங்கிக்கொள்ளக் குருதியைவிடச் சிறந்த எடுத்துக்காட்டு இல்லை. வாழ்நாள் முழுவதும் இடைவிடாமல் புதிய உயிரணுக்கள் உருவாகும் திசு அது. அது கெடும் இரண்டு விதங்களைக் காட்டும் இரண்டு குருதிப் புற்றுநோய்களின் வரலாற்றில் தமிழ்நாட்டுக்கும் இடமுண்டு. ஒன்றில் வளர்ச்சிக் குறிகை அணையாமல் எரிகிறது. அதற்கான மருந்தின் காப்புரிமை வழக்கு சென்னையில் தொடங்கி நடந்தது. மற்றொன்றில் உயிரணு முதிராமல் பாதி வழியில் நின்றுவிடுகிறது. அதற்கான மருத்துவம் ஒன்று வேலூரில் ஆராயப்பட்டது.

எலும்பு மச்சை

நலமான ஒருவரின் எலும்பு மச்சையில் நாள்தோறும் ஏறத்தாழ 20,000 கோடி செங்குருதியணுக்கள் உருவாகின்றன. ஒவ்வொன்றும் சுமார் 120 நாள் வாழ்ந்து அழிவதால் இந்த அளவு உற்பத்தி தேவைப்படுகிறது. நுண்ணுயிர்களை விழுங்கும் நடுவமைநாடிகள் என்னும் வெண்குருதியணுக்களின் ஆயுள் இன்னும் குறைவு. குருதிச் சிறுதட்டுகள், நிணநீர் அணுக்கள் முதலியவையும் சேர்ந்தால், மச்சை ஓய்வே அறியாத ஒரு பணிமனை என்பது விளங்கும்.

இவை அனைத்தும் குருதிக் குருத்தணு என்னும் ஒரே வகை உயிரணுவிலிருந்து கிளைக்கின்றன. குருத்தணு பிரியும்போது தன்னைப் போன்ற குருத்தணுவையும் உருவாக்கும். முதிர்வுப் பாதையில் செல்லும் வழித்தோன்றலையும் உருவாக்கும். முதல் வகை மட்டும் உருவானால் முதிர்ந்த அணுக்கள் கிடைக்கா. இரண்டாம் வகை மட்டும் உருவானால் முதலே கரைந்துவிடும். பெரும்பாலான குருத்தணுக்கள் அரிதாகவே பிரிகின்றன. நாள்தோறும் பெருகும் வேலையை இடைநிலை முன்னோடி அணுக்கள் செய்கின்றன. குருத்தணு உறங்கிக்கிடப்பது ஒரு பாதுகாப்பு, ஏனெனில் ஒவ்வொரு பிரிதலும் டி.என்.ஏ.வில் பிழை நேர ஒரு வாய்ப்பு. ஆனால் நோயுற்ற குருத்தணுவுக்கும் இதே உறக்கம் பாதுகாப்பாகிவிடுகிறது. இது பின்னர் விளக்கப்படும்.

ஒரே நூல், வெவ்வேறு பக்கங்கள்

செங்குருதியணுவின் முன்னோடியிலும் நடுவமைநாடியிலும் உள்ள மரபணுத் தொகுதி ஒன்றே. வேறுபடுவது எந்த மரபணுக்கள் படியெடுக்கப்படுகின்றன என்பதுதான். டி.என்.ஏ.வின் குறிப்பிட்ட இடங்களில் அமர்ந்து அருகிலுள்ள மரபணுவைத் திறக்கும் அல்லது அடைக்கும் புரதங்கள் படியெடுத்தல் காரணிகள் எனப்படுகின்றன.

குருதியில் இத்தகைய இரு காரணிகளின் போட்டி நன்கு ஆராயப்பட்டது. காட்டா-1 என்னும் காரணி ஈமோகுளோபின் முதலிய செங்குருதியணு மரபணுக்களைத் திறக்கிறது. பி.யு.1 என்னும் காரணி வெண்குருதியணுக்களின் மைலாய்டு கிளைக்கு உரிய மரபணுக்களைத் திறக்கிறது. இரண்டும் ஒன்றையொன்று நேரடியாகப் பற்றி மற்றதன் வேலையைத் தடுக்கின்றன; ஒவ்வொன்றும் தன் சொந்த மரபணுவை மேலும் திறந்துகொள்கிறது. எனவே தொடக்கத்தில் சிறிதளவு முந்திக்கொண்ட காரணி விரைவில் முழுமையாக வெல்கிறது. பாதி செங்குருதியணுவாகவும் பாதி வெண்குருதியணுவாகவும் ஓர் உயிரணு நிலைப்பதில்லை என்பதற்கு இந்த ஏற்பாடே காரணம்.

கிளை தேர்ந்தபின், டி.என்.ஏ. சுற்றப்பட்டிருக்கும் இசுட்டோன் புரதங்களில் வேதிக்குறிகள் மாற்றப்படுகின்றன. தேவையற்ற மரபணுக்கள் இறுக்கிச் சுருட்டப்பட்டு அணுக முடியாதவையாகின்றன. பிரித்தானிய உயிரியலாளர் கான்ராட் வாடிங்டன் 1957இல் இதை மலைச்சரிவில் உருளும் பந்துக்கு ஒப்பிட்டார். கீழே செல்லச் செல்லப் பள்ளத்தாக்குகள் பிரிகின்றன, பந்து திரும்பி மேலே ஏறுவதில்லை. பந்தை மேலே தள்ளவும் முடியும் என்று 2006இல் ஷின்யா யமனாக்கா காட்டினார். நான்கே நான்கு காரணிகளைச் செலுத்தி எலியின் முதிர்ந்த உயிரணுவை மீண்டும் குருத்தணு நிலைக்கு அவர் கொண்டுசென்றார்.

வெளியிலிருந்து வரும் குறிகை

எத்தனை அணுக்கள் தேவை என்பது மச்சைக்குத் தானாகத் தெரியாது. அந்தச் செய்தி வெளியிலிருந்து வருகிறது. குருதியில் ஆக்சிசன் குறைந்தால் அதைச் சிறுநீரகம் உணர்ந்து எரித்ரோபொயெட்டின் என்னும் இயக்குநீரைச் சுரக்கிறது. அது செங்குருதியணு முன்னோடியின் மேற்பரப்பிலுள்ள ஏற்பியில் வந்து பொருந்துகிறது. இயக்குநீர் உயிரணுவுக்குள் நுழைவதில்லை. கதவைத் தட்டுவதோடு அதன் வேலை முடிகிறது.

உள்ளே நடப்பது ஓர் அஞ்சலோட்டம். ஏற்பியின் உட்புறத்தில் ஒட்டியிருக்கும் ஜாக்-2 என்னும் நொதி விழிக்கிறது. இது கைனேஸ் வகையைச் சேர்ந்தது. ஏ.டி.பி. மூலக்கூறிலிருந்து ஒரு பாஸ்பேட்டைப் பிரித்து வேறொரு புரதத்தின் மேல் ஒட்டுவதே கைனேஸ்களின் தொழில். பாஸ்பேட் ஏறிய புரதத்தின் வடிவமும் நடத்தையும் மாறுகின்றன. ஜாக்-2, ஸ்டாட்-5 என்னும் புரதத்தின் மேல் பாஸ்பேட்டை ஏற்றுகிறது. இரண்டு ஸ்டாட்-5 மூலக்கூறுகள் இணைந்து கருவுக்குள் சென்று, உயிரணு மடியாமல் காக்கும் மரபணுக்களைத் திறக்கின்றன. அதே ஏற்பியிலிருந்து ராஸ்–ராஃப்–மெக்–எர்க் என்னும் கைனேஸ் தொடர் பிரிதலை ஊக்குகிறது. மற்றொரு கிளையான பி.ஐ.3 கைனேஸ்–ஏ.கே.டி. பாதை உணவேற்பையும் உயிர் தரித்தலையும் கவனிக்கிறது.

இக்குறிகைகள் இறுதியில் உயிரணுச் சுழற்சியைச் சென்றடைகின்றன. ஆர்.பி. என்னும் புரதம் பிரிதலுக்கு வேண்டிய மரபணுக்களைப் பூட்டி வைத்திருக்கிறது. வளர்ச்சிக் குறிகை வந்தால் சைக்ளின் டி உருவாகி, தன் கூட்டாளிக் கைனேசுடன் சேர்ந்து ஆர்.பி.யின் மேல் பாஸ்பேட்டை ஏற்றிப் பூட்டைத் திறக்கிறது. டி.என்.ஏ. சிதைந்திருந்தால் பி-53 என்னும் புரதம் குறுக்கிட்டுச் சுழற்சியை நிறுத்துகிறது; சிதைவு சரிசெய்ய முடியாததாயின் உயிரணுவை மடியவும் செய்கிறது. உடலின் மற்றத் திசுக்களில் நாட்ச், விண்ட், ஹெட்ஜ்ஹாக், டி.ஜி.எஃப்.–பீட்டா முதலிய வேறு பாதைகளும் இயங்குகின்றன. பாதைகளின் எண்ணிக்கை குறைவே. ஒரே பாதை ஒரு திசுவில் வளர்ச்சியையும் மற்றொன்றில் முதிர்ச்சியையும் தூண்டுவதற்குக் காரணம், செய்தி வந்து சேரும்போது அங்கு எந்த மரபணுக்கள் திறந்திருக்கின்றன என்பதே.

குறிகையைத் தொடங்குவதைப் போலவே நிறுத்துவதும் முக்கியம். பாஸ்பேட்டை நீக்கும் நொதிகள், ஏற்பியை உள்ளிழுத்துச் சிதைக்கும் அமைப்புகள், ஜாக்கைத் தடுக்கும் புரதங்கள் எனப் பல தடைகள் உள்ளன. ஜாக்-2 மரபணுவில் ஒரே ஓர் எழுத்து மாறி, 617ஆம் இடத்தில் வேலினுக்குப் பதில் பீனைல்அலனின் வந்தால், எரித்ரோபொயெட்டின் இல்லாமலே செங்குருதியணுக்கள் பெருகுகின்றன. பாலிசைத்தீமியா வேரா என்னும் நோயாளிகளில் மிகப் பெரும்பாலோரிடம் இம்மாற்றம் இருப்பது 2005இல் கண்டறியப்பட்டது.

அணையாத சைகை: நாட்பட்ட மைலாய்டு வெண்புற்று

சென்னையிலிருந்து அரக்கோணம் செல்லும் தடத்தில் அம்பத்தூருக்கும் ஆவடிக்கும் இடையே ஒரு சைகை விளக்கு பச்சையிலேயே நின்றுவிட்டதாகக் கொள்வோம். வண்டிகளில் பழுதில்லை, தண்டவாளமும் சரியாகவே உள்ளது. ஆயினும் அத்தடத்தில் நெரிசலும் விபத்தும் தவிர்க்க முடியாதவை. நாட்பட்ட மைலாய்டு வெண்புற்றில் நடப்பது ஏறத்தாழ இதுதான். மருத்துவமனைகளில் இதைச் சி.எம்.எல். என்று சுருக்கமாகச் சொல்வர்.

இந்நோயாளிகளின் உயிரணுக்களில் வழக்கத்தைவிடச் சிறிய ஒரு நிறப்புரி இருப்பதை 1960இல் அமெரிக்காவின் பிலடெல்பியா நகரில் பீட்டர் நோவலும் டேவிட் ஹங்கர்ஃபோர்டும் கண்டனர். குரோமோசோம் என்று பள்ளிப் பாடங்களில் சொல்லப்படும் நிறப்புரியில் காணும் ஒரு குறிப்பிட்ட மாற்றம் ஒரு குறிப்பிட்ட புற்றுநோயுடன் எப்போதும் சேர்ந்து வருவது முதன்முதலாக அங்கேதான் தெரிந்தது. 1973இல் ஜேனட் ரவுலி அதன் மூலத்தை விளக்கினார். 9ஆம் நிறப்புரியும் 22ஆம் நிறப்புரியும் ஒடிந்து துண்டுகளைத் தமக்குள் மாற்றிக்கொண்டதால் அச்சிறிய நிறப்புரி உருவாகிறது.

ஒடிந்து ஒட்டிய இடத்தில் இரண்டு மரபணுக்கள் ஒன்றாகிவிடுகின்றன. 9ஆம் நிறப்புரியிலுள்ள ஏ.பி.எல். ஒரு கைனேசுக்கு உரிய மரபணு. இயல்பான ஏ.பி.எல். புரதம் தன்னைத் தானே மடித்துப் பூட்டிக்கொண்டிருக்கும். தேவைப்படும்போது மட்டும் திறக்கும். 22ஆம் நிறப்புரியிலுள்ள பி.சி.ஆர். மரபணுவுடன் அது ஒட்டும்போது, பூட்டாகப் பயன்பட்ட முன்பகுதி வெட்டுப்பட்டுப் போகிறது. அதன் இடத்தில் வந்த பி.சி.ஆர். பகுதிக்குத் தன்னைப் போன்ற மற்றொன்றைப் பற்றிச் சுருண்டுகொள்ளும் இயல்பு உண்டு. இரு கலப்புப் புரதங்கள் அருகருகே வந்து ஒன்றன் மேல் ஒன்று பாஸ்பேட்டை ஏற்றி ஒன்றையொன்று நிரந்தரமாக விழிக்கச் செய்கின்றன. ராஸ், ஸ்டாட்-5, பி.ஐ.3 கைனேஸ் ஆகிய பாதைகள் அனைத்தும் வெளியிலிருந்து எந்த இயக்குநீரும் வராமலே இயங்கத் தொடங்குகின்றன.

இந்நோயின் முதற்கட்டத்தில் வேறுபாடு கெடுவதில்லை. நடுவமைநாடிகள் முறையாக முதிர்கின்றன. எண்ணிக்கைதான் பெருகுகிறது. நலமானவரின் ஒரு மைக்ரோலிட்டர் குருதியில் 4,000 முதல் 11,000 வரை இருக்கும் வெண்குருதியணுக்கள் இந்நோயில் ஒரு இலட்சத்தைத் தாண்டுவது அரிதன்று. மண்ணீரல் வீங்கி இடது விலாவின் கீழ் கனமாகத் தோன்றும். வேறு எதற்கோ எடுத்த குருதிப் பரிசோதனையில் தற்செயலாகத் தெரியவருவதும் உண்டு. சிகிச்சையின்றி விட்டால் சில ஆண்டுகளில் மேலும் பிறழ்வுகள் சேர்ந்து, முதிராத அணுக்கள் பெருகும் இறுதிக்கட்டம் வருகிறது. அப்போது கலப்புப் புரதம், நடுவமைநாடி முதிர்வதற்குத் தேவையான ஒரு காரணியின் உற்பத்தியையும் அடக்கிவிடுகிறது. வளர்ச்சிக் கோளாறாகத் தொடங்கிய நோய் வேறுபாட்டுக் கோளாறாகவும் ஆகிவிடும் கட்டம் அது. அதிலிருந்து மீட்பது மிகக் கடினம்.

மேலை நாடுகளில் இது பெரும்பாலும் அறுபது வயதை ஒட்டியவர்களின் நோய். இந்திய மருத்துவமனைப் பதிவுகளில் நோயாளிகள் பெரும்பாலும் முப்பதுகளிலும் நாற்பதுகளிலும் இருக்கின்றனர். அதாவது குடும்பத்துக்காக உழைக்கும் வயது.

குழியை அடைக்கும் மூலக்கூறு

முன்பு இந்நோய்க்கு ஹைட்ராக்சியூரியா, இன்டர்ஃபெரான் ஆகியவை கொடுக்கப்பட்டன. முழுக் குணத்துக்கு எலும்பு மச்சை மாற்றுச் சிகிச்சை ஒன்றே வழியாக இருந்தது. வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரியில் அது 1986இல் தொடங்கியது. பொருந்தும் உடன்பிறப்பு இருக்க வேண்டும். செலவும் ஆபத்தும் அதிகம்.

ஒரே ஒரு கைனேசால்தான் நோய் வருகிறது என்றால் அதை மட்டும் நிறுத்தினால் போதுமே என்பது புதிய சிந்தனை. உடலில் ஐந்நூறுக்கும் மேற்பட்ட கைனேஸ்கள் உள்ளன. அனைத்திலும் ஏ.டி.பி. அமரும் குழி ஒன்றுபோலவே இருக்கும். ஒன்றை அடைத்தால் மற்றவையும் அடைபடும் என்று பலர் ஐயுற்றனர். சுவிட்சர்லாந்தின் சீபா-கெய்கி நிறுவனத்தில் நிக்கலஸ் லிடனும் யூர்க் சிம்மர்மனும் உருவாக்கிய இமாட்டினிப் மூலக்கூறு அந்த ஐயத்தைப் பொய்யாக்கியது. ஏ.பி.எல். கைனேஸ் செயலற்ற நிலையில் எடுக்கும் வடிவம் மற்றக் கைனேஸ்களினின்று வேறுபட்டது. இமாட்டினிப் அந்த வடிவத்தில்தான் பொருந்தி, புரதத்தை அந்நிலையிலேயே பூட்டிவிடுகிறது. அந்நிறுவனம் 1996இல் சாண்டோஸ் நிறுவனத்துடன் இணைந்து நோவார்ட்டிஸ் ஆனது.

அமெரிக்க மருத்துவர் பிரையன் டிரக்கர் தலைமையில் 1998இல் நோயாளிகளிடம் ஆய்வு தொடங்கியது. நாளொன்றுக்கு 300 மில்லிகிராம் அல்லது அதற்கு மேல் எடுத்த 54 பேரில் 53 பேரின் குருதி எண்ணிக்கை இயல்புக்குத் திரும்பியது. முதற்கட்ட ஆய்வில் இத்தகைய முடிவு புற்றுநோய் மருத்துவம் அதுவரை காணாதது. 2001 மே மாதம் அமெரிக்காவில் ஒப்புதல் கிடைத்தது. பின்னர் நடந்த பெரிய ஆய்வு ஒன்றில், இமாட்டினிப்பை முதல் மருந்தாகப் பெற்றவர்களில் சுமார் 83 விழுக்காட்டினர் பத்து ஆண்டுகளுக்குப் பின்னும் உயிருடன் இருந்தனர்.

சென்னையில் வந்த வழக்கு

நோவார்ட்டிஸ் இம்மருந்துக்கு இந்தியக் காப்புரிமை கோரி 1998 ஜூலையில் சென்னைக் காப்புரிமை அலுவலகத்தில் விண்ணப்பித்தது. அக்காலத்தில் இந்தியச் சட்டம் மருந்துப் பொருள்களுக்குக் காப்புரிமை வழங்கவில்லை. 2005க்குப் பின் பரிசீலிக்க வேண்டிய விண்ணப்பங்களைப் பெட்டியில் இட்டு வைத்தனர். இந்த விண்ணப்பம் இமாட்டினிப் மூலக்கூறுக்கு உரியது அன்று. அதன் மெசிலேட் உப்பின் பீட்டா படிக வடிவத்துக்கு உரியது. மூலக்கூறு முன்னமே வெளிநாடுகளில் காப்புரிமை பெற்று அறியப்பட்ட ஒன்று.

2003 நவம்பரில் நிறுவனத்துக்குத் தனி விற்பனை உரிமை கிடைத்தது. அதை வைத்துச் சென்னை உயர் நீதிமன்றத்தில் சில இந்திய நிறுவனங்களின் விற்பனைக்கு இடைக்காலத் தடையும் பெற்றது. அப்போது நோவார்ட்டிசின் மருந்து ஒருவருக்கு மாதம் ஏறத்தாழ 1,20,000 ரூபாய். இந்திய நிறுவனங்கள் தயாரித்த அதே மருந்து 8,000 முதல் 12,000 ரூபாய். மாத்திரை நாள்தோறும், ஆண்டுக்கணக்கில் எடுக்க வேண்டியது. அம்பத்தூர் தொழிற்பேட்டையில் கடைசல் இயந்திரத்தின் முன் நிற்கும் ஒருவருக்கு முதல் விலை எட்டவே எட்டாதது. இரண்டாம் விலைகூட வீட்டை ஆட்டம் காணச் செய்வதுதான். தகுதியுள்ள நோயாளிகள் பலருக்கு மருந்தை இலவசமாகத் தருவதாக நிறுவனம் சொன்னது, அவ்வாறு பல ஆயிரம் பேர் பெறவும் செய்தனர். ஆனால் கொடையைப் பெறுவது ஒன்று, விலை கொடுத்து வாங்கக்கூடிய மருந்து கடையில் இருப்பது வேறொன்று.

2005இல் திருத்தப்பட்ட காப்புரிமைச் சட்டத்தின் 3(டி) பிரிவு, அறியப்பட்ட ஒரு பொருளின் புதிய வடிவம் அதன் அறியப்பட்ட செயல்திறனைக் கூட்டினாலன்றி அதைக் கண்டுபிடிப்பாகக் கொள்ளலாகாது என்கிறது. மும்பையின் புற்றுநோயாளர் உதவிச் சங்கமும் சில இந்திய மருந்து நிறுவனங்களும் எதிர்ப்பு மனு அளித்தன. 2006 ஜனவரி 25 அன்று சென்னைக் காப்புரிமை அலுவலகம் விண்ணப்பத்தை நிராகரித்தது. 3(டி) பிரிவே அரசியலமைப்புக்கு முரணானது என்று நோவார்ட்டிஸ் சென்னை உயர் நீதிமன்றத்தை நாடியது. நீதியரசர்கள் ஆர். பாலசுப்பிரமணியன், பிரபா ஸ்ரீதேவன் ஆகியோர் அமர்வு 2007 ஆகஸ்ட் 6 அன்று அதைத் தள்ளுபடி செய்தது. மருந்துகளைப் பொறுத்தவரை செயல்திறன் என்பது நோயைக் குணமாக்கும் திறனே என்ற விளக்கத்தையும் அத்தீர்ப்பு தந்தது. மேல்முறையீடு அப்போது சென்னையில் இயங்கிய அறிவுசார் சொத்துரிமை மேல்முறையீட்டு வாரியத்துக்குச் சென்று 2009 ஜூனில் அங்கும் காப்புரிமை மறுக்கப்பட்டது. அவ்வாரியம் 2021இல் கலைக்கப்பட்டுவிட்டது. 2013 ஏப்ரல் 1 அன்று உச்ச நீதிமன்றம் இறுதியாக மறுத்தது.

சட்ட வாதமாகத் தோன்றினாலும் இதன் மையத்தில் இருந்தது உயிரியல் கேள்விதான். பீட்டா படிக வடிவம் எளிதில் ஈரம் உறிஞ்சாது, மாத்திரையாக்க எளிது. உப்பற்ற மூலப்பொருளோடு ஒப்பிட்டால் 30 விழுக்காடு கூடுதலாகக் குருதியில் சேர்கிறது என்றும் நிறுவனம் வாதிட்டது. வயிற்றில் கரைந்தபின் படிகம் என ஒன்று இல்லை. குருதியில் சுற்றி ஏ.பி.எல். குழிக்குள் சென்று அமர்வது முன்னமே அறியப்பட்ட அதே இமாட்டினிப் மூலக்கூறு. குறிகையை அணைப்பதே குணமாக்கும் செயல் என்றால், புதிய படிகம் அச்செயலில் எதைக் கூட்டியது என்று காட்டப்படவில்லை. கூடுதலாக உறிஞ்சப்படுவதே கூடுதலாகக் குணமாவது ஆகாது என்று உச்ச நீதிமன்றம் கொண்டது. புதிய மருந்தை உருவாக்கும் முதலீட்டுக்கு இத்தீர்ப்பு ஊக்கம் குறைக்கும் என்ற விமர்சனமும் எழுந்தது. அவ்விவாதம் இன்னும் ஓயவில்லை. எனினும் இந்தியாவில் தயாரான இமாட்டினிப் இங்கும் பல ஏழை நாடுகளிலும் நோயாளிகளுக்குத் தொடர்ந்து கிடைப்பதற்கு அது வழிவிட்டது.

முதிர மறுக்கும் அணு: முன்மைலாய்டு வெண்புற்று

கடும் முன்மைலாய்டு வெண்புற்றில் கோளாறு வேறு இடத்தில் உள்ளது. நடுவமைநாடியாக முதிர வேண்டிய அணு, முன்மைலோசைட் என்னும் நடுக்கட்டத்தில் நின்றுவிடுகிறது. நின்ற அணுக்கள் குவிந்து, குருதி உறையும் ஒழுங்கைக் குலைத்து, மூளையிலும் நுரையீரலிலும் குருதிக் கசிவை ஏற்படுத்தும். நோய் தெரிந்த சில நாள்களிலேயே உயிர் போகக்கூடும் என்பதால் இது மருத்துவர்கள் அஞ்சிய நோயாக இருந்தது.

இங்கு ஒடிந்து ஒட்டுபவை 15ஆம் 17ஆம் நிறப்புரிகள். உருவாவது பி.எம்.எல்.–ரார் ஆல்பா என்னும் கலப்புப் புரதம். இயல்பான ரார் ஆல்பா வைட்டமின் ஏ-யிலிருந்து வரும் ரெட்டினாயிக் அமிலத்தை உணரும் படியெடுத்தல் காரணி. அமிலம் இல்லாதபோது அது முதிர்வு மரபணுக்களை மூடிவைக்கிறது. அமிலம் வந்து பொருந்தினால் மூடும் புரதங்களை விலக்கித் திறக்கும் புரதங்களை அழைக்கிறது. கலப்புப் புரதம் மூடும் புரதங்களை இறுகப் பற்றிக்கொள்வதால், உடலில் இயல்பாக உள்ள அளவு அமிலத்துக்கு அது அசைவதில்லை.

அப்படியானால் அமிலத்தை அதிகமாகக் கொடுத்தால்? சாங்காய் மருத்துவர் வாங் சென்யி 1980களில் இதைச் செய்தார். 1988இல் அவரது குழு வெளியிட்ட 24 நோயாளிகளும் முழுத் தணிவு அடைந்திருந்தனர். புற்றணுவைக் கொல்லாமல் அதை முதிரச் செய்து, முதிர்ந்தபின் தன் இயல்பான ஆயுளில் மடிய விடும் மருத்துவம் இது. கெட்டவனை அடித்துத் திருத்துவதற்குப் பதில் வளர்த்து ஆளாக்குவது என்று சொல்லலாம்.

சீனாவின் ஆர்பின் நகரில் 1970கள் முதல் ஆராயப்பட்ட மற்றொரு மருந்து ஆர்செனிக் டிரை ஆக்சைடு. தமிழ் மருத்துவம் வெள்ளைப் பாடாணம் என்று நெடுங்காலமாக அறிந்த நஞ்சு அது. ஆனால் நரம்பு வழியே மில்லிகிராம் கணக்கில், இதயத் துடிப்பைக் கண்காணித்தபடி செலுத்தும் தூய மருந்துக்கும் கடையில் வாங்கும் பாடாணத்துக்கும் உறவு பெயரளவில்தான். பாடாணத்தைத் தாமாக உண்டால் உயிருக்கே ஆபத்து. ஆர்செனிக் கலப்புப் புரதத்தின் பி.எம்.எல். பகுதியில் நேரடியாகப் பற்றிக்கொள்கிறது. அதனால் அப்புரதத்தின் மேல் சுமோ, யுபிகிட்டின் என்னும் அடையாளச் சீட்டுகள் ஒட்டப்பட்டு, உயிரணுவின் குப்பை நீக்கும் அமைப்பு அதைச் சிதைத்துவிடுகிறது. தடை அகன்றதும் அணு முதிர்வுப் பாதையில் தொடர்கிறது.

மேலை நாடுகளில் ரெட்டினாயிக் அமிலத்துடன் கடும் வேதிச்சிகிச்சை சேர்த்துத் தருவது வழக்கமாக இருந்தது. அச்செலவு இங்குப் பலருக்குத் தாங்காது. வேதிச்சிகிச்சையால் வரும் நோய்த்தொற்றைச் சமாளிப்பது அதைவிடச் சிரமம். வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரியின் குருதியியல் துறை 1998 முதல் புதிய நோயாளிகளுக்கு ஆர்செனிக்கை மட்டுமே தந்து பார்த்தது. விக்ரம் மாத்யூஸ் முதலியோர் 2006இல் வெளியிட்ட முடிவின்படி, 72 நோயாளிகளில் 86 விழுக்காட்டினர் முழுத் தணிவு அடைந்தனர். தணிவு பெற்றவர்களில் பெரும்பாலோருக்கு நோய் திரும்பவில்லை. பெரும்பாலானோருக்குப் பக்கவிளைவும் மிதமாகவே இருந்தது. வசதிக் குறைவால் தேடிய வழி என்று இதைத் தள்ளிவிட முடியாது. வேதிச்சிகிச்சை இல்லாமலே இந்நோயை வெல்லலாம் என்ற எண்ணத்துக்கு அது வலுச்சேர்த்தது. 2013இல் இத்தாலிய, செருமானிய மருத்துவர்கள் ரெட்டினாயிக் அமிலமும் ஆர்செனிக்கும் மட்டும் தந்து, மிகை ஆபத்து இல்லாத நோயாளிகளில் 97 விழுக்காட்டினர் இரண்டாண்டுகள் சிகிச்சைத் தோல்வியோ நோய் திரும்புதலோ இறப்போ இன்றி இருந்ததைக் காட்டினர். வேதிச்சிகிச்சை பெற்றவர்களில் அது 86 விழுக்காடு.

மருந்து எட்டாத இடங்கள்

இமாட்டினிப் எடுப்பவர்களில் ஒரு பகுதியினருக்குச் சில ஆண்டுகளில் மருந்து வேலை செய்யாமல் போகிறது. காரணம் பெரும்பாலும் கைனேசின் குழியிலேயே ஏற்படும் பிறழ்வு. 315ஆம் இடத்திலுள்ள திரியோனின் ஐசோலியூசினாக மாறினால் இமாட்டினிப் உள்ளே நுழைய இடமில்லை. டாசாட்டினிப், நிலோட்டினிப் ஆகிய பிந்தைய மருந்துகள் பல பிறழ்வுகளைச் சமாளித்தாலும் இதற்கு உதவா. பொனாட்டினிப் முதலிய வேறு மருந்துகள் தேவைப்படுகின்றன.

பிறழ்வு இல்லாமலே சிகிச்சை தோற்பதற்கு மற்றொரு காரணம் எளிமையானது: மாத்திரையை விட்டுவிடுவது. உடல் தேறியபின் நோய் போய்விட்டது என்று எண்ணுவோர் உண்டு. மாதக் கடைசியில் கையில் காசில்லாமல் சில நாள் தள்ளிப்போடுவோரும் உண்டு. லண்டனில் 87 நோயாளிகளின் மாத்திரைப் புட்டிகளில் மின்னணுக் கருவி பொருத்திச் செய்த ஆய்வு 2010இல் வெளியானது. குறிக்கப்பட்ட மாத்திரைகளில் 90 விழுக்காட்டுக்கு மேல் எடுத்தவர்களில் 94.5 விழுக்காட்டினருக்குக் கலப்பு மரபணுவின் அளவு ஆயிரத்தில் ஒரு பங்காகக் குறைந்தது. அதற்குக் கீழ் எடுத்தவர்களில் 28.4 விழுக்காட்டினரே அந்நிலையை எட்டினர். குறிகைப் பாதை ஓர் இடைவெளிக்காகக் காத்திருப்பதில்லை. குழி காலியானால் ஏ.டி.பி. உடனே வந்து அமர்ந்துவிடும். இதனால்தான் ஒவ்வொரு மூன்று மாதத்துக்கும் ஒரு முறை குருதியில் கலப்பு மரபணுவின் அளவைப் பார்க்குமாறு மருத்துவர்கள் வற்புறுத்துகின்றனர்.

ஆண்டுக்கணக்கில் கலப்பு மரபணு கண்டறிய முடியாத அளவுக்குக் குறைந்தவர்களிடம் மருந்தை நிறுத்திப் பார்க்கும் ஆய்வுகளும் நடந்துள்ளன. ஏறத்தாழப் பாதிப் பேருக்கு நோய் திரும்புகிறது, பெரும்பாலும் முதல் ஆறு மாதங்களுக்குள். மருந்தை மீண்டும் தொடங்கினால் அநேகமாக அனைவருக்கும் கட்டுப்பட்டுவிடுகிறது. நோய் மீண்டும் முளைப்பது மச்சையில் உறங்கிக்கிடக்கும் நோயுற்ற குருத்தணுக்களிலிருந்து. அவற்றிலும் கலப்புப் புரதம் உண்டு, இமாட்டினிப் அதை அங்கும் அணைக்கிறது. ஆயினும் அவை உயிர் வாழ அக்குறிகையை நம்பியிருப்பதில்லை. சுற்றியுள்ள மச்சைச் சூழலின் வேறு குறிகைகளே அவற்றுக்குப் போதும். அந்தக் குறிகைகள் எவை, நலமான குருத்தணுக்களுக்குத் தீங்கு இல்லாமல் அவற்றை எவ்வாறு நிறுத்துவது என்பதே இத்துறையில் இப்போது ஆராயப்பட்டுவரும் கேள்வி. மருந்தை மருத்துவர் மேற்பார்வையின்றி யாரும் தாமாக நிறுத்தலாகாது.